மிக்கேல் தண்டலின் கடைசி வரி

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. வகுப்பெடுக்கும்போதும் அப்படித்தான், பலகைக்கும் சன்னலுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். "மேடம், ஒங்களைப் பாத்துப் பாத்துக் கழுத்து சுளுக்கிட்டு" என்று டிக்கெட் கவுண்டர் சண்முகக்கனி போன தடவையே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். அருங்காட்சியக ஊழியர்களுக்குப் புதுக் கருவிகளைப் பழக்கிவிடுவது என் பிழைப்பு. ஊர் ஊராகப் போவேன். தரை துடைக்கிறவரிலிருந்து இயக்குநர் வரைக்கும் எல்லோரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, திரையைத் தொடுங்கள், அது ஒன்றும் கடிக்காது என்று ஆரம்பிப்பேன். உலகம்மை எடுத்த வேலையை அரைகுறையாக விடமாட்டாள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் எவ்வளவு லேசானது என்பது தூத்துக்குடியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தெரிந்தது.

பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் உப்புக் கிடங்கை மாற்றிக் கட்டிய கடல் அருங்காட்சியகம் அது. முதல் பயிற்சிக்கு மழைக்காலத்தில் போயிருந்தேன். அப்போது நான் சொல்லிக்கொடுத்த கருவிக்கு நிரப்பி என்று பெயர். பாதி கேட்டும் கேட்காமலும் இருக்கிற பழைய ஒலிப்பதிவை அதனிடம் கொடுத்தால் போதும். அறுந்துபோன இடங்களை அதே ஆளின் குரலில், அதே ஊர்ப் பேச்சில் நிரப்பித் தரும். அந்த ஆள் பேசிய வேறு பதிவுகளையும் கூடவே கொடுத்தால் இன்னும் சுத்தமாகச் செய்யும்.

"அது எப்படி மேடம், செத்தவங்க பேசாததை இது பேசுது?" என்று சண்முகக்கனி கேட்டாள்.

"பேசாததைப் பேசாதும்மா. பேசியிருக்கக் கூடியதைத்தான் பேசும்" என்றேன்.

அந்தப் பதில் எனக்கே பிடித்துப்போய், அன்று சாயங்காலம் இன்னொரு தடவையும் சொன்னேன்.

பயிற்சி முடிவில் அவர்களாகவே ஒரு காட்சி தயாரிக்க வேண்டும். கஸ்பார் மச்சாடோ எடுத்துக்கொண்டது 'சந்தன மாதா' தோணி. கஸ்பார் அங்கே உடைந்த பொருள்களை ஒட்டிச் சரிசெய்கிற பிரிவுக்குப் பொறுப்பாளர். கொற்கைப் பக்கம் தோண்டி எடுத்த பானைகளெல்லாம் அவர் கைக்கு வந்துதான் பானையாக நிற்கின்றன. வேதியியலில் பெரிய படிப்புப் படித்தவர். கொஞ்சம் பிடிவாதக்காரர். கணினி என்றால் ஆசையும் அவசரமும் அதிகம்.

"இருபது வருஷம் இருக்கும் மேடம்" என்று அவர்தான் எனக்கு அந்தக் கதையைச் சொன்னார். "மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏத்திட்டுப் போன தோணி. மிக்கேல்னு ஒருத்தர்தான் தண்டல். தண்டல்னா தோணிக்குத் தலைவர், ஒங்க பாஷையில கேப்டன். நடுக்கடல்ல காத்துல மாட்டிக்கிட்டு வயர்லெஸ்ல கூப்பிட்டிருக்காவ. கரையில இருந்தவன் அதைப் பதிஞ்சு வச்சான், ஆனா பாதி இரைச்சல். ரெண்டு நாள் கழிச்சு ஒரு கப்பல்காரன் தோணியோட சின்ன வள்ளத்தைப் பாத்திருக்கான். அதுக்குள்ள மிக்கேல் தண்டல் மட்டும் செத்துக் கெடந்தாவ. கூடப் போன பயலுவ ஒருத்தன் உடம்பும் கிடைக்கலை."

"அப்போ?"

"அப்போ என்ன, ஊரு முடிவு கட்டிட்டு. பயலுவளைத் தண்ணியில விட்டுட்டுத் தண்டல் மட்டும் வள்ளத்துல ஏறிட்டான்னு."

அந்தப் பழி மிக்கேலின் மனைவி அமலோற்பவத்தின் தலையில் விழுந்தது. செத்துப்போன பையன்களின் வீடுகளெல்லாம் அதே தெருவில்தான். மாதா கோயிலில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரமாட்டார்களாம். பிள்ளைகளுக்கு வைக்கிற புதுநன்மை விருந்துக்குக் கூப்பிடமாட்டார்களாம். இரண்டு வீடு தள்ளியிருந்த ரெஜினா, தோணியில் போன பையன்களில் கடைசிப் பையன் லிஸ்டனின் அம்மா, இருபது வருஷமாக அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அமலோற்பவம் தன் மகளைக் கட்டிக்கொடுக்கக்கூட மும்பை வரைக்கும் போக வேண்டியதாயிற்று.

கஸ்பார் அந்த வயர்லெஸ் பதிவை நிரப்பியிடம் கொடுத்தார். பழைய பதிவில் கடைசியாகக் கேட்கிற சொல் 'பயலுவளை'. அதற்கப்புறம் கரகரவென்று இரைச்சல், முடிந்தது. நிரப்பி சுத்தம் செய்து தந்தபோது அந்த இடத்தில் ஒரு முழு வரி இருந்தது.

"பயலுவளை விட்டுட்டு நான் ஏற மாட்டேன்."

காட்சி திறந்த அன்று நானும் இருந்தேன். தெருவே வந்திருந்தது. அமலோற்பவம் கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில், எந்த நேரமும் எழுந்து போய்விடத் தயாராக உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கியில் அந்த வரி வந்தது. அவர் எழுந்தார். போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அதற்குள் ரெஜினா நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "எம் மவந்தான் தண்டலைத் தூக்கி வள்ளத்துல போட்டிருப்பான் அமலோ. அவிய மயங்கிக் கெடந்திருப்பாவ. எம் மவன் அப்படித்தான், யாரையும் சாக விடமாட்டான்." நானும் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு இது ஒன்று போதுமடி உலகம்மை என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

இரண்டாம் பயிற்சிக்குப் பங்குனியில் வந்தேன். இதற்குள் சட்டம் மாறியிருந்தது. இயந்திரம் நிரப்பியது எது, அசல் எது என்று பார்வையாளருக்குக் காட்டியாக வேண்டும். அதற்காக நிரப்பியில் மூலக் காட்சி என்று ஒரு புது வசதி சேர்த்திருந்தார்கள். பேச்சு ஓட ஓடத் திரையில் சொற்கள் நிறத்தோடு வரும். பச்சை என்றால் அசல். ஆரஞ்சு என்றால் நிரப்பியது. ஆரஞ்சைத் தொட்டால் அந்தச் சொல்லைச் செய்வதற்கு எந்தப் பதிவிலிருந்து குரல் எடுத்தது என்று அந்தப் பதிவையே திறந்து காட்டும். திங்கட்கிழமை காலையிலிருந்து எல்லாக் காட்சிகளும் அப்படித்தான் ஓட வேண்டும். நான் சொல்லிக்கொடுக்க வந்ததும் அதைத்தான்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் சந்தன மாதாவையே உதாரணமாகக் காட்டலாம் என்று ஆசைப்பட்டேன். ஒத்திகை பார்க்கலாம் என்று சீக்கிரமே போனேன். கஸ்பார் மட்டும்தான் வந்திருந்தார். இரண்டு டீயை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் திரை முன்னால் உட்கார்ந்தோம். அதாவது, அவர் உட்கார்ந்தார்.

பதிவு ஓடியது. 'காத்து' பச்சை. 'அடிக்கி' ஆரஞ்சு. 'தண்ணி உள்ள வந்துட்டு' பாதி பச்சை, பாதி ஆரஞ்சு. நான் எதிர்பார்த்தபடிதான். அப்புறம் 'பயலுவளை' பச்சையாக வந்தது. அதற்கடுத்த 'விட்டுட்டு நான் ஏற மாட்டேன்' முழுக்க ஆரஞ்சு.

"இரைச்சலுக்குள்ள கொஞ்சமாவது இருந்திருக்கும்லா?" என்றார் கஸ்பார்.

"இருந்தா அந்த இடம் மட்டும் பச்சையா வந்திருக்கும். இரைச்சல்ல ஒண்ணுமே இல்ல."

ஆரஞ்சைத் தொட்டேன். ஒரு போன் குரல்செய்தி திறந்தது. பின்னால் பஸ் ஹாரன், கூட்டச் சத்தம், யாரோ சுண்டல் விற்கிற சத்தம். அதற்கு நடுவே அதே குரல், அவசரமாகவும் எரிச்சலாகவும்:

"அமலோ, கண்டக்டர் கத்துதான். நீ ஓடி வராத, விழுந்து வச்சிராத. பைய வா. ஒன்னைய விட்டுட்டு நான் ஏற மாட்டேன்."

டீ கையில் இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைத் தூக்கிக்கொண்டு சன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன்.

"இந்தச் செய்தி எங்கேருந்து வந்துது கஸ்பார்?"

"அமலோ மயினிதான் குடுத்தாவ. தண்டல் பேசுன மாதிரி வேற எதாவது இருக்கான்னு கேட்டேன். பழைய போன்ல இருந்த செய்தி எல்லாத்தையும் அப்படியே அனுப்பினாவ."

"அதைக் குரல் மாதிரிக்குன்னு தனியா ஒரு பெட்டி இருக்குமே, அதுலதானே போட்டீங்க?"

அவர் திரையைப் பார்த்தார். வயர்லெஸ் பதிவு இருந்த அதே பெட்டியில்தான் அந்தச் செய்திகளும் வரிசையாகக் கிடந்தன.

"ஒரே ஆளோட சாமான் மேடம்" என்றார். "எங்க ரூம்ல அதான் வழக்கம். ஒரே குழியில கிடைச்ச ஓடு எல்லாம் ஒரே தட்டுல. கலக்கப்பிடாது, பிரிக்கப்பிடாது. நாப்பது தட்டு வச்சிருக்கேன், ஒண்ணு மாறினதில்ல. அந்தப் பழக்கத்துல ஒரே தட்டுல போட்டுட்டேன்."

"நீங்க ஒரே தட்டுல போட்டா, அது எல்லாத்தையும் ஒரே பானைன்னு எடுத்துக்கும். குரலோட வார்த்தையையும் சேத்து எடுத்து ஒட்டிரும்."

"இப்ப தெரியுது."

கோபம் வந்தது. அவர்மேல் வந்ததா, பெட்டியைச் சரிபார்க்காமல் கைதட்டிவிட்டுப் போன என்மேல் வந்ததா என்று பிரிக்க முடியாத கோபம். "அப்படின்னா அந்த மனுஷன் 'பயலுவளை'ன்னு சொன்னதுக்கப்புறம் என்னதான் சொன்னார்?" என்றேன்.

"எதை வேணாலும் சொல்லியிருக்கலாம். பயலுவளைக் காணோம்னு சொல்லியிருக்கலாம். பயலுவளை ஏத்திட்டேன்னு சொல்லியிருக்கலாம்." கஸ்பார் நிறுத்தினார். மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"திங்கட்கிழமை யாராவது ஆரஞ்சைத் தொட்டா பஸ் ஸ்டாண்டு சத்தம் வரும்" என்றேன். "ரெஜினாம்மா தொட்டா?"

"வரட்டும் மேடம்."

"என்னது?"

"வரட்டும்னேன். ஒரு பானையில சில்லு கொறஞ்சா பிளாஸ்டர் வச்சு அடைப்போம். அடைச்ச இடத்துல ஒரு நெறம் கொறச்சுதான் பூசுவோம். தூரத்துல நின்னாப் பானை முழுசாத் தெரியணும், கிட்ட வந்தா ஒட்டு தெரியணும். தெரியலைன்னா அது வேலை இல்ல, ஃபிராடு. நான் செஞ்சது தப்பு, அதை நான்தான் ஊருக்குச் சொல்லணும்."

"பானைக்கு மாமியார் கிடையாது, பக்கத்து வீடு கிடையாது. சொல்லிட்டு நீங்க ரூமுக்குப் போயிருவீங்க. அந்த அம்மா அதே தெருவுல இருக்கணும்."

"அதுக்காக?"

"அதுக்காக ஒண்ணுமில்ல. முதல்ல அவங்ககிட்ட போய்ச் சொல்லுவோம். ரெஜினாம்மாவுக்குத் தெரியறதுக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரியணும்."

அதற்கு ஒப்புக்கொண்டார். அன்றைய வகுப்பில் சந்தன மாதாவைக் காட்டவில்லை. கலங்கரை விளக்கக் காவலர் ஒருவரின் பேட்டியைக் காட்டி ஒப்பேற்றினேன். ஆரஞ்சைத் தொடுங்கள், எங்கிருந்து வந்தது என்று பாருங்கள், பார்வையாளரிடம் எதையும் மறைக்காதீர்கள் என்று நான் சொல்லச் சொல்ல, கஸ்பார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்முகக்கனி நன்றாகக் கற்றுக்கொண்டாள். எனக்கு என்ன சொன்னேன் என்றே நினைவில்லை.

வகுப்பு முடிந்ததும் அமலோற்பவம் வீட்டுக்கு நடந்தே போனோம். வெயில் இறங்கியிருந்தது. அவர் முன்கட்டில் உட்கார்ந்து ஊறவைத்த முந்திரிப்பருப்பைத் தோலுரித்துக்கொண்டிருந்தார். பேக்கரிக்கு மக்ரூன் செய்துகொடுப்பது அவர் வேலை. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோய், "வாங்க டீச்சரம்மா, வா கஸ்பாரு" என்று எழுந்து, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஆளுக்கு ஒரு தட்டு மக்ரூன் வைத்தார். "இப்பதான் ரெஜினா போறா. நாளைக்கு ரெண்டு பேரும் பெரிய மார்க்கெட்டுக்குப் போறோம். ஈஸ்டருக்கு ஒரே மாதிரி சேலை எடுக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கா."

நான் கையிலெடுத்த மக்ரூனைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன். கஸ்பார்தான் ஆரம்பித்தார். தட்டு, பெட்டி, பச்சை, ஆரஞ்சு என்று சுற்றி வளைத்தார். பொறுமை போய் நான் குறுக்கே விழுந்தேன். "அக்கா, அந்தக் கடைசி வரி வயர்லெஸ்ல இல்ல. மெஷின் ஒங்க போன் செய்தியிலேருந்து எடுத்து ஒட்டியிருக்கு."

அவர் முந்திரியை உரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார்.

"எது தெரியும்?"

"அது எனக்குச் சொன்னதுன்னு. மொத நாளே தெரியும். வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போயிருந்தோம். நான் மெழுகுதிரி வாங்கப் போயிக் கூட்டத்துல மாட்டிக்கிட்டேன். அப்ப அனுப்புனது. அவிய வீட்டுல இருந்தா சோறு, தண்ணி, கதவைச் சாத்து, அவ்வளவுதான் பேச்சு. அப்படி ஒரு வார்த்தை அதுக்கு முன்னாலயும் வந்ததில்ல, பின்னாலயும் வந்ததில்ல. கடலுக்குப் போயிட்டாவன்னா அதைத்தான் போட்டுப் போட்டுக் கேப்பேன். செத்ததுக்குப் பெறகும் அதைத்தான். எனக்குத் தெரியாதா டீச்சரம்மா, அதுல எந்த எடத்துல மூச்சு வாங்குதாவன்னு."

"அப்புறம் ஏன் மயினி சொல்லலை?" என்றார் கஸ்பார். கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரல்.

"சொல்லணும்னுதான் எந்திரிச்சேன். எய்யா, இது எம் புருசன் எனக்குச் சொன்னதுன்னு. அதுக்குள்ள ரெஜினா வந்து கையப் பிடிச்சிட்டா. இருவது வருசம் எம் மூஞ்சியப் பாக்காதவ. நீ சொல்லு, அந்த நேரத்துல கைய ஒதறிட்டுச் சொல்ல முடியுமா?"

அவராகவே தொடர்ந்தார். "உண்மையிலேயே விட்டுட்டு ஏறினாவளோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஒனக்குந் தெரியாது. ஆனா ரெஜினா இப்பல்லாம் தூங்குதா. எம் மவன் ஒருத்தரைத் தூக்கிவிட்டுட்டுதான் போனான்னு தூங்குதா."

திங்கட்கிழமையைப் பற்றிச் சொன்னோம். திரையில் நிறம் வரும், தொட்டால் பஸ் ஸ்டாண்டு சத்தம் கேட்கும் என்றதும்தான் அவர் கை நின்றது. முந்திரிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு உள்ளே போனார். பழைய போன் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். அது இன்னும் ஓடுவதே ஆச்சரியம்.

"இதுல இருக்கத அழிச்சா?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு விடை தெரியும். வகுப்பில் பெருமையாகச் சொல்கிற பாடம் அது. "கொடுத்தவங்க திரும்ப எடுத்துக்கலாம் அக்கா. அது ஒங்க உரிமை. நீங்க இதுல அழிச்சா மியூசியத்துல இருக்கிற நகல் எல்லாம் தானா அழிஞ்சிரும். ஒரு இடத்துலயும் மிச்சம் இருக்காது. சட்டம் அப்படி."

"அப்ப யாரு தொட்டாலும் பஸ் ஸ்டாண்டு வராது."

"வராது."

"அந்த வரி?"

"அது இருக்கும்னுதான் நெனைக்கிறேன். எங்கேருந்து வந்ததுன்னு மட்டும் காட்டாது."

கஸ்பார் எழுந்து நின்றுவிட்டார். "மயினி, வேண்டாம். ஒட்டாத ஓட்டைக்கூட நாங்க தூக்கிப் போடமாட்டோம், பெட்டியில போட்டு வைப்போம். இது தண்டல் ஒங்களுக்குச் சொன்னது. நெசமாச் சொன்னது. நெசத்தை அழிச்சிட்டு ஒட்டை வச்சுக்கிடுவாவளா யாராவது? மேடம், நீங்களாவது சொல்லுங்க."

நான் வாசல் வரைக்கும் நடந்து போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். சொல்லியிருக்கலாம். அழிக்காதீர்கள், எல்லாவற்றையும் ஒருவர் விடாமல் சொல்லிவிடுவோம், அவர்கள் புரிந்துகொள்வார்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் புரிந்துகொள்வார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

"நான் சொல்லட்டா கஸ்பாரு?" என்றார் அமலோற்பவம். "இப்பல்லாம் இதைப் போட்டுக் கேட்டா எங்கிட்ட பேசுத மாதிரியே இல்ல. பயலுவகிட்ட பேசுத மாதிரிதான் இருக்கு. அதைக் குடுத்தாச்சு. குடுத்தது குடுத்ததுதான்." போனை என்னிடம் நீட்டினார். "எப்படி அழிக்கதுன்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் எல்லாருக்கும் சொல்லிக் குடுக்குறீயள்லா, எனக்கும் சொல்லிக் குடுங்க."

போனை நான் வாங்கவில்லை. அவர் கையிலேயே இருக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் உட்கார்ந்தது அப்போதுதான்.

"கடைசியா ஒரு தடவை கேட்டுக்கிடுங்க அக்கா."

"கேட்டா விடமாட்டேன்."

"சரி. அந்தச் செய்தி மேல விரலை அழுத்திப் பிடிங்க. எடுக்காதீங்க, அப்படியே. இப்ப கீழ குப்பைக்கூடை மாதிரி ஒண்ணு வருதா? அதைத் தொடுங்க. நெசமாவே அழிக்கணுமான்னு கேக்கும்."

கேட்டது. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எழுத்துக் கூட்டி ஒரு தடவை வாசித்துவிட்டு, தொட்டார். எத்தனையோ ஊரில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இவருக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வரும்போது கஸ்பார் எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தார்.

சனிக்கிழமையே கிளம்பியிருக்க வேண்டும். இயக்குநர் சென்னையிலிருந்து போனில், பயிற்சி பிரமாதமாமே என்று பாராட்டிவிட்டார். என் வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் போகவில்லை. லாட்ஜ் அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடந்து இரண்டு நாளைக் கழித்துவிட்டுத் திங்கட்கிழமை காலையில் அருங்காட்சியகத்துக்கே போனேன். ஆரஞ்சாக நிற்கிற அந்த வரியைப் பார்த்து நாலு பேர் கேட்டால், பதில் சொல்லக் கஸ்பாரைத் தனியாக விடக்கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்திருந்தேன்.

புது வசதியோடு காட்சி ஓட ஆரம்பித்தது. கஸ்பாரும் நானும் மட்டும் திரை முன்னால் நின்றோம். காத்து, பச்சை. அடிக்கி, ஆரஞ்சு. பயலுவளை, பச்சை. விட்டுட்டு நான் ஏற மாட்டேன்.

பச்சை.

"மேடம்" என்றார் கஸ்பார்.

மறுபடியும் ஓடவிட்டேன். மறுபடியும் பச்சை. தொட்டால், 'அசல்: தோணி வயர்லெஸ் பதிவு' என்று வந்தது.

"ஆரஞ்சாவாவது நிக்கும்னுல்லா சொன்னீய?"

"நெனச்சேன்னுதான் சொன்னேன்." "வாரக் கடைசியில எல்லாக் காட்சியையும் அது மறுபடி கணக்குப் போட்டிருக்கு. இந்தச் சொல்லுக்கு வேற எந்த மூலமும் இல்ல. குரல் தண்டலோடது. வேற எங்கேருந்தும் வரலைன்னா வயர்லெஸ்லேருந்துதான் வந்திருக்கணும். அது அப்படித்தான் யோசிக்கும்."

"கையால மாத்தலாம்லா? நாமளே ஆரஞ்சு போடலாம்லா?"

"போடலாம். ஆதாரம் கேக்கும்."

"ரெண்டு பேரும் காதால கேட்டோம்லா, அதான் ஆதாரம்."

"கேட்டோம். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நானும் போடுறேன்."

நெஞ்சாரத்தான் சொன்னேன். அவர் போட்டிருந்தால் போட்டிருப்பேன். கஸ்பார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மூடினார். கூடத்துக்கு வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். டீச்சர் ஒருத்தி, சத்தம் போடாதீங்க, உள்ள ஒரு பெரிய தியாகியோட குரல் கேக்கப் போறீங்க என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவு பெரிய ஒட்டு மேடம்" என்றார் கஸ்பார். "கிட்ட வந்து பாத்தாலும் தெரியாது." பேனாவைப் பையில் செருகிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். நானும் எழுதிக்கொடுக்கவில்லை. இன்று வரைக்கும் கொடுக்கவில்லை.

அந்தக் காட்சியில் ஒலியைக் கேட்க ஒரு சின்னக் கண்ணாடி அறை. ஒவ்வொருவராக உள்ளே போய்க் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்க வேண்டும். பத்து மணிக்கெல்லாம் வரிசை கூடத்தைத் தாண்டி வெளி நடை வரைக்கும் நீண்டுவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்பும்போதுதான் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பின்னால், மொட்டைத்தலை ஆள் ஒருவருக்கு முன்னால், அமலோற்பவம் நின்றுகொண்டிருந்தார். ரெஜினா கூட வரவில்லை. தனியாக வந்திருந்தார்.

சண்முகக்கனி பதறிப்போய் ஓடினாள். "யக்கா, நீங்க எதுக்கு வரிசையில நிக்கிய? நேரா உள்ள வாங்க. ஒங்களுக்கு இல்லாததா?"

"இருக்கட்டும்ட்டி. பிள்ளைய கேட்டுட்டு வரட்டும்."

அவர் முறை வர வெகுநேரமாயிற்று. உள்ளே போனார். ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார். கண்ணாடி வழியாக அவர் முதுகு மட்டும் தெரிந்தது. ஓடி முடிந்தது. அவர் திரும்பவில்லை. மறுபடியும் ஓடத் தொடங்கியது. முடிந்தது. மொட்டைத்தலைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கதவை மெல்லத் தட்டினார்.

"அம்மா, நாங்க தூரத்துலேருந்து வந்திருக்கோம். கேட்டாச்சுன்னாக் கொஞ்சம் வெளிய வாங்கம்மா."

அமலோற்பவம் கதவை லேசாகத் திறந்தார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுக்கிடுதேன்யா" என்றார்.